பல்கலைக்கழகப் பட்டறை: மாணவர் கைக்கு இயந்திரம் வந்த வரலாறு

பொறியியல் கல்லூரி ஒன்றில் வகுப்பறைகளும் நூலகமும் இருப்பதுபோலவே ஒரு பட்டறையும் இருக்கும். தகரக் கூரை, எண்ணெய் மணம், வரிசையாக நிற்கும் லேத்துகள், சுவரில் தொங்கும் அரங்கள், காக்கி உடையில் ஒரு பயிற்றுநர் என்று அதன் தோற்றம் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மாணவர் தாம் வரைந்த ஒரு பொருளைத் தாமே இரும்பிலோ மரத்திலோ செய்து பார்ப்பதற்கான இடம் அது. இன்று இது இயல்பான ஏற்பாடாகத் தோன்றினாலும், பல்கலைக்கழகத்துக்குள் பட்டறை நுழைந்ததும், அதன் இயந்திரங்களைத் தொடும் உரிமை மாணவருக்குக் கிடைத்ததும் நீண்ட விவாதங்களின் விளைவு. பட்டறை கற்பதற்கா, பொருள் செய்வதற்கா? கைவேலை தெரியாதவர் பொறியாளர் ஆகலாமா? இயந்திரத்தருகே மாணவரைத் தனியே விடலாமா? இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே அந்த வரலாறு நகர்ந்திருக்கிறது.

கிளாஸ்கோவில் ஒரு சிறு அறை

பல்கலைக்கழகமும் பட்டறையும் சந்தித்த இடங்களில் மிகவும் புகழ்பெற்றது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. 1736இல் பிறந்த ஜேம்ஸ் வாட், லண்டனில் ஓராண்டு காலம் கருவி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். 1757இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு பட்டறை கொடுத்தது. கணிதக் கருவிகளைச் செய்வதும் பழுதுபார்ப்பதும் அவர் வேலை. அவர் பேராசிரியர் அல்லர், மாணவரும் அல்லர். ஆனால் பேராசிரியர் ஜோசப் பிளாக், மாணவராயிருந்த ஜான் ராபிசன் போன்றோர் அந்தப் பட்டறைக்கு வந்து பேசிக்கொண்டிருப்பது வழக்கமாயிற்று.

1763-64ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், இயற்பியல் வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் நீராவி இயந்திரத்தின் சிறு மாதிரி அவரிடம் பழுதுபார்க்க வந்தது. அதை அனுப்பியவர் பேராசிரியர் ஜான் ஆண்டர்சன். மாதிரியைச் சரிசெய்த பிறகும் அது சில வீச்சுகளோடு நின்றுபோயிற்று. உருளையை ஒவ்வொரு முறையும் சூடாக்கிக் குளிர்விப்பதில் நீராவியின் பெரும்பகுதி வீணாவதை வாட் அளந்து கண்டார். 1765இல் தனிக் குளிர்கலன் என்னும் தீர்வு அவருக்குத் தோன்றியது. தொழிற்புரட்சியின் அடையாளமாக மாறிய அந்த எண்ணம், வகுப்பறைப் பொருள் ஒன்று பழுதாகிப் பட்டறை மேசைக்கு வந்ததால் பிறந்தது. அறிந்தவர்களும் செய்பவர்களும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆயினும் அந்தப் பட்டறை மாணவருக்கானதாக இருக்கவில்லை. மாணவர் பார்க்கலாம், பேசலாம். அரத்தைக் கையில் எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அது வருவதற்கு இன்னும் நூறாண்டு ஆயிற்று.

மாஸ்கோ முறை

மாணவர் ஒவ்வொருவரும் கைவேலை கற்க வேண்டும் என்பதை ஒரு பாடத்திட்டமாகவே வகுத்துக் காட்டியது ரஷ்யா. மாஸ்கோவின் அநாதை இல்லச் சிறுவர்களுக்காக 1830இல் தொடங்கிய தொழிற்பள்ளி, 1868இல் மாஸ்கோ பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியாக உயர்த்தப்பட்டது. இன்றைய பாமன் பல்கலைக்கழகம் அதன் தொடர்ச்சியே. அதன் இயக்குநராயிருந்த விக்டர் டெல்லா-வோஸ் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். ஒரு கொல்லரிடமோ தச்சரிடமோ பல ஆண்டுகள் எடுபிடியாயிருந்து கற்பதை, ஒரு வகுப்புக்கே குறுகிய காலத்தில் கற்பிக்க முடியுமா?

அவர் கண்ட வழி, தொழிலை அதன் அடிப்படைச் செயல்களாகப் பிரிப்பது. அரத்தால் தட்டையாக ராவுவது, நேர்கோணம் பிடிப்பது, துளையிடுவது, மரை வெட்டுவது, லேத்தில் உருளையாகக் கடைவது என்று ஒவ்வொன்றும் ஒரு பயிற்சி. எளியது முதலில், கடினமானது பின்னர். ஒவ்வொரு தொழிலுக்கும் தனிப் பட்டறை. மாணவர் எத்தனை பேரோ அத்தனை வேலையிடங்கள், அத்தனை கருவித் தொகுதிகள். வரைபடத்தைப் பார்த்தே செய்ய வேண்டும். ஒன்றைச் சரியாக முடிக்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. இவற்றை முடித்தவர்களே வெளியாரின் வேலைகளை ஏற்றுச் செய்யும் உற்பத்திப் பட்டறைக்குள் அனுமதிக்கப்பட்டனர்.

இந்த முறையின் மாதிரிகள் 1873இல் வியன்னா கண்காட்சியிலும், 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியிலும் வைக்கப்பட்டன. அங்கே அவற்றைக் கண்ட மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் ஜான் ரன்கிள், அதே ஆண்டில் தம் கழகத்தில் பயிற்சிப் பட்டறைகள் தொடங்க ஏற்பாடு செய்தார். செயின்ட் லூயிஸ் நகரில் கால்வின் உட்வார்டுக்கும் இதில் ஆர்வம் இருந்தது. இயந்திரவியல் பாடத்துக்காக மர மாதிரிகள் செய்யச் சொன்னபோது தம் மாணவர்களுக்கு உளியும் ரம்பமும் பிடிக்கத் தெரியவில்லை என்பதை அவர் முன்பே கண்டிருந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக அவர் நிறுவிய கைத்தொழிற் பயிற்சிப் பள்ளி 1880இல் திறக்கப்பட்டது.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ படித்தவருக்கு டெல்லா-வோசின் பட்டியல் புதிதாகத் தோன்றாது. ஒரு சிறு இரும்புத் தகட்டை மணிக்கணக்கில் ராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இடுக்கில் ஒளி தெரிந்தால் பயிற்றுநர் திருப்பிக் கொடுக்க, மறுபடி ராவிய அனுபவம் பலருக்கும் உண்டு. வி வடிவப் பொருத்து, தச்சுப் பிரிவில் பாதி வெட்டு இணைப்பு, தகரப் பிரிவில் புனல் என்று தொடரும் அந்தப் பயிற்சிகளின் தர்க்கம் மாஸ்கோவில் எழுதப்பட்டதே.

வூஸ்டர்: விற்பனைக்குச் செய்யும் பட்டறை

மாஸ்கோ முறைக்கு நேரெதிரான இன்னொரு வழி அதே காலத்தில் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் உருவாயிற்று. 1865இல் நிறுவப்பட்டு 1868இல் திறக்கப்பட்ட தொழில் அறிவியல் கழகம், இன்றைய வூஸ்டர் பாலிடெக்னிக். கம்பித் தொழிற்சாலை உரிமையாளரான இக்கபாட் வாஷ்பர்ன் அங்கே ஒரு பட்டறையைக் கட்டிக்கொடுத்தார். அது ஒரு முழுமையான தொழிற்கூடமாக நடக்க வேண்டும், அதில் செய்யப்படும் பொருள்கள் சந்தையில் விற்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. கூலித் தொழிலாளரும் மாணவரும் அருகருகே வேலை செய்தனர். வரைபலகைத் தாங்கிகள், இயந்திரக் கருவிகள், மின்னேற்றிகளுக்கு முன்னோடியான நீர் விசைத் தூக்கிகள் ஆகியவை அங்கிருந்து வெளிவந்தன. பட்டறையின் மேற்பார்வையாளர் மில்டன் ஹிக்கின்சும் பேராசிரியர் ஜார்ஜ் ஆல்டனும் பின்னாளில் நார்ட்டன் சாணைக்கல் நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர்கள்.

இரண்டு முறைகளுக்கும் தம்தம் நியாயம் இருந்தது. ராவிய தகட்டைப் பார்த்து மதிப்பெண் போட்டபின் குப்பையில் எறியும் முறையில், மாணவருக்குத் தம் வேலையின் பயன் தெரிவதில்லை என்றனர் வூஸ்டர்க்காரர்கள். வாடிக்கையாளர் காத்திருக்கும் பட்டறையில், மாணவர் தவறு செய்து கற்க நேரமும் பொருளும் கிடைக்காது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கூலியாளாகவே அவர் ஆகிவிடுவார் என்றனர் மறுதரப்பினர். இன்று ஒரு கல்லூரிப் பட்டறையில் மாணவரின் திட்டப்பணியை முதலில் எடுப்பதா, வெளியிலிருந்து வந்த கட்டண வேலையை முதலில் எடுப்பதா என்று எழும் தகராறு இதன் நேரடி வாரிசு.

கார்னெலின் டைனமோ

மாணவர் திட்டம் என்று இன்று நாம் சொல்வதற்கு நெருக்கமான ஒன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1873இல் அதன் பட்டறைக்குப் பொறுப்பேற்ற ஜான் எட்சன் ஸ்வீட், பயிற்சித் துண்டுகளையும் விற்பனைப் பொருள்களையும் ஒதுக்கிவிட்டு மாணவர்களோடு சேர்ந்து பயனுள்ள கருவிகளைக் கட்டினார். நுண்ணளவுக்கான ஓர் அளவை இயந்திரமும் ஒரு நீராவி எஞ்சினும் அவ்வாறு உருவானவை. 1875இல் இயற்பியல் பேராசிரியர் வில்லியம் ஆந்தனி, ஜார்ஜ் மோலர் என்னும் மாணவருடன் அதே வளாகத்தில் கிராம் வகை டைனமோ ஒன்றைச் செய்து முடித்தார். அமெரிக்காவில் கட்டப்பட்ட தொடக்ககால டைனமோக்களுள் அது ஒன்று. 1876இல் பிலடெல்பியாவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பின்னர் வளாகத்தில் வில்விளக்குகளை எரிய வைத்தது.

ஸ்வீட் 1879இல் கார்னெலைவிட்டு விலகினார். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். 1885இல் அங்கு வந்த ராபர்ட் தர்ஸ்டன், பட்டறையைவிட ஆய்வுக்கூடத்துக்கும் கணிதத்துக்கும் முதன்மை கொடுத்தார். பட்டறையில் வளர்ந்த பொறியாளர், பள்ளியில் வளர்ந்த பொறியாளர் என்னும் இரு மரபுகளின் இழுபறியாக அமெரிக்கப் பொறியியல் வரலாற்றாசிரியர்கள் இதைப் பதிவு செய்கின்றனர்.

டோக்கியோ

மேற்கத்திய நாடுகள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, ஜப்பான் இரண்டையும் ஒரே திட்டத்தில் இணைத்தது. கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் தளத்தில் பகலில் வேலை செய்து, மாலையில் ஆண்டர்சன் கல்லூரி வகுப்புகளில் படித்தவர் யமாவோ யோசோ. ஜேம்ஸ் வாட்டிடம் பழுதான மாதிரியை அனுப்பிய அதே ஜான் ஆண்டர்சனின் உயிலால் தோன்றிய கல்லூரி அது. யமாவோவின் முயற்சியால் டோக்கியோவில் பொறியியல் கல்லூரி அமைந்தபோது, அதை நடத்த 1873இல் கிளாஸ்கோவிலிருந்து வந்தவர் ஹென்றி டயர். அவருக்கு அப்போது 25 வயதுகூட நிறையவில்லை.

டயர் வகுத்த படிப்பு ஆறு ஆண்டுகள். முதலிரண்டு ஆண்டுகள் கல்லூரியில் பாடம். நடு இரண்டு ஆண்டுகள் பாதி பாடம், பாதி செயல்முறை. கடைசி இரண்டு ஆண்டுகள் முழுதும் களப்பணி. அகபானே என்னும் அரசுத் தொழிற்கூடம் மாணவரின் பட்டறையாயிற்று. சாமுராய் குடும்பத்துப் பிள்ளைகள் கரியும் எண்ணெயும் பூசிய கைகளோடு வேலை செய்தது அன்றைய ஜப்பானில் சிறிய மாற்றமன்று. அக்கல்லூரி மாணவரான தனபே சாகுரோ தம் பட்டப்படிப்பு ஆய்வாக எடுத்துக்கொண்ட பிவா ஏரிக் கால்வாய், அவருடைய தலைமையில் கட்டப்பட்டு 1890இல் முடிந்தது.

சென்னை மாகாணம்

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி, 1859இல் பொறியியல் கல்லூரியாக வளர்ந்து, 1920இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. அதன் முதல் நோக்கம் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயாரிப்பது. அணை, கால்வாய், சாலை ஆகியவையே பாடம். 1894இல்தான் இயந்திரப் பொறியியல் படிப்பு சேர்ந்தது.

அந்தக் கல்லூரியின் பேராசிரியராயிருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், பட்டறையின் ஆற்றலை வேறொரு இடத்தில் காட்டினார். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பை ஏற்ற அவர், 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் அடித்துப் பழகிய கைகளுக்குப் புதிய உலோகம் அது. எடை குறைவு, ஈயம் பூச வேண்டாம் என்பதால் பாத்திரங்கள் விற்றன. தொழில் வேரூன்றியதும் 1903இல் அது ஒரு தனியார் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. தமிழர் சமையலறையில் அலுமினியம் நுழைந்த கதையில் ஒரு பள்ளிப் பட்டறைக்குப் பங்குண்டு. ஆனால் அரசுப் பள்ளிகள் சந்தையில் இறங்குவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தனர். 1910இல் லண்டனிலிருந்த இந்தியா அமைச்சர் மார்லி பிரபு, அரசு தானே தொழில் நடத்துவதை ஏற்க மறுத்தார். வூஸ்டரில் வரவேற்கப்பட்ட வழி சென்னையில் அடைபட்டது.

இந்தியச் சூழலில் இன்னொரு தடையும் இருந்தது. இரும்பையும் மரத்தையும் தொடும் வேலை தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட சாதிகளுக்கு உரியதாக ஒதுக்கப்பட்டிருந்தது. கொல்லரும் தச்சரும் கல்லூரிக்குள் வரவில்லை. கல்லூரிக்குள் வந்தவர்கள் உலைக்களத்தைப் பார்த்ததில்லை. எழுதுகோல் பிடிப்பவர் மேற்பார்வையிடுவார், சுத்தியல் பிடிப்பவர் கீழ்ப்படிவார் என்னும் எண்ணம் கல்லூரிப் பட்டறையிலும் ஒட்டிக்கொண்டது. மாணவர் ஓரமாய் நின்று பார்க்க, உதவியாளரே வேலையை முடித்துக் கொடுத்துக் குறிப்பேட்டில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்றும் ஆங்காங்கே தொடர்வதற்கு வேர் இங்கிருக்கிறது.

கோவையும் கிண்டியும்

கோயம்புத்தூரில் நிலைமை சற்று வேறாக இருந்தது. 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் பம்புகள், மோட்டார்கள், லேத்துகள் போன்றவற்றைச் செய்த ஓர் உண்மையான உற்பத்திக் கூடம். 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி அந்தக் கூடத்தை ஒட்டியே அமைந்தது. வகுப்பு முடிந்து சில அடி நடந்தால் வார்ப்படமும் கடைசலும் நடக்கும் இடம். படிப்பையும் ஆலைப் பயிற்சியையும் மாறிமாறி வைக்கும் சாண்ட்விச் படிப்பு அங்கே வேர்பிடித்தது அதனால்தான். அதே ஊரின் ஜி.டி. நாயுடு, 1945இல் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியோடு தொடர்புடையவர். செயல்முறை வழியே கற்பித்தால் நான்கு ஆண்டுப் படிப்பு தேவையற்றது என்று வாதிட்ட அவரை அன்றைய கல்வித் துறை ஏற்கவில்லை.

1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு கிண்டியை ஒட்டிய காட்டுப் பகுதியில் சென்னை ஐ.ஐ.டி. தோன்றியது. பேராசிரியர்களோடு பட்டறை ஃபோர்மேன்களையும் ஜெர்மனி அனுப்பியது. ஆய்வுக்கூடக் கருவிகளும் பட்டறை இயந்திரங்களும் கப்பலில் வந்தன. பொறியாளர் ஆகப்போகிறவர் முதலில் தொழிலாளியின் வேலையை அறிய வேண்டும் என்பது ஜெர்மானிய மரபு. அதன்படி தொடக்ககால மாணவர்கள் மையப் பட்டறையில் நீண்ட நேரம் செலவிட்டனர்.

பட்டறை ஒதுக்கப்பட்ட காலம்

இதே ஆண்டுகளில் அமெரிக்கா எதிர்த்திசையில் சென்றுகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் ரேடார், அணுசக்தி போன்றவற்றில் பொறியாளரைவிட இயற்பியலாளரே முன்னின்றனர். பொறியாளருக்கு அறிவியல் போதவில்லை என்னும் கவலை எழுந்தது. அமெரிக்கப் பொறியியல் கல்விச் சங்கத்துக்காக எல்.இ. கிரிண்டர் தலைமையிலான குழு 1955இல் அளித்த அறிக்கை, கைத்திறன் சார்ந்த பாடங்களை நீக்கிப் பொறியியல் அறிவியல் பாடங்களுக்கு இடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. பட்டறை வகுப்புகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. லேத்துகள் ஆராய்ச்சிக்கான கருவிகளைச் செய்யும் தொழில்முறைப் பணியாளர்களின் கைக்குப் போயின. கதவில் பூட்டு தொங்கியது.

அதன் விளைவு மெதுவாகத் தெரிந்தது. பட்டம் பெற்றவர் வரைந்து கொடுத்த பாகத்தை எந்த வெட்டுக்கருவியாலும் எட்ட முடியாது என்று பட்டறைக்காரர் திருப்பி அனுப்பினார். உள்மூலைகள் கூர்மையாக இருக்க வேண்டும் என்று வரைவார்கள். சுழலும் மில்லிங் கருவி உள்மூலையில் ஒரு வளைவை விட்டே தீரும். தேவையில்லாத இடத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் துல்லியம் கேட்பார்கள். செலவு பல மடங்காகும். இவை எந்தப் பாடநூலிலும் மறைக்கப்பட்ட இரகசியங்கள் அல்ல. ஆனால் ஒருமுறை தம் கையால் வெட்டிப் பார்த்தவருக்கு மட்டுமே இவை மறப்பதில்லை.

போட்டிகள் திறந்த கதவு

பூட்டிய கதவைத் திறக்க வைத்தவர்கள் மாணவர்களே. 1970களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உட்டி ஃபிளவர்ஸ் நடத்திய வடிவமைப்புப் பாடத்தில், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே வகைப் பொருள்கள் அடங்கிய பெட்டி கொடுக்கப்பட்டது. அவற்றைக்கொண்டு ஓர் இயந்திரம் செய்து பருவ முடிவில் போட்டியிட வேண்டும். அரங்கம் நிறைந்தது. 1981இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டி தொடங்கியது. மாணவர் குழு ஒரு சிறு பந்தயக் காரைத் தானே வடிவமைத்து, தானே கட்டி, ஓட்டிக் காட்ட வேண்டும். இந்தப் போட்டிகளுக்காகக் கல்லூரிகள் மறுபடியும் பட்டறைகளை மாணவருக்குத் திறந்தன.

இந்தியாவிலும் அவ்வகைப் போட்டிகள் பரவின. கோவை அருகேயுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு நாடெங்கிலுமிருந்து மாணவர் கட்டிய கார்கள் வருகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் முன்னாள் மாணவர்களின் நிதியுதவியால் 2008இல் தொடங்கிய புத்தாக்க மையம், பாடத்திட்டத்துக்கு வெளியே மாணவர் தாமே எதையும் செய்து பார்க்கும் இடமாயிற்று. அங்கிருந்து புறப்பட்ட ஆவிஷ்கார் குழு, 2019இல் அமெரிக்காவில் நடந்த ஹைப்பர்லூப் ஊர்திப் போட்டியின் இறுதிச் சுற்று வரை சென்றது.

ஒரு நள்ளிரவு

பட்டறை திறந்திருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி ஒருவர், வேதியியல் ஆய்வகக் கட்டடத்திலிருந்த இயந்திரப் பட்டறையில் இரவு நேரத்தில் தனியே வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய தலைமுடி சுழலும் லேத்தில் சிக்கியது. உதவிக்கு அருகில் யாருமில்லை. பட்டமளிப்புக்குச் சில வாரங்களே இருக்கையில் அவர் உயிரிழந்தார். அந்த லேத்தில் அவசர நிறுத்து பொத்தானும் உரிய காப்புகளும் இல்லை என்று கூட்டரசுப் பணிப்பாதுகாப்புத் துறை கடிதம் எழுதியது. பல்கலைக்கழகம் அக்கருத்தை மறுத்தது. இறந்தவர் ஊழியர் அல்லர், மாணவி என்பதால் அத்துறையின் தண்டனை அதிகாரம் அங்கே செல்லவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இருந்த சட்டக் காப்பு, அதே இயந்திரத்தின் முன் நின்ற மாணவருக்கு இல்லை என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

லேத் ஏன் ஆபத்தானது என்பதை அதன் இயக்கத்திலிருந்து புரிந்துகொள்ளலாம். ரம்பம் வெட்டும், லேத் இழுக்கும். நிமிடத்துக்குப் பல நூறு முறை சுழலும் சக்கில் ஒரு நூலிழை சுற்றிக்கொண்டால், மனிதரின் அனிச்சைச் செயலுக்கு முன்பே அது பல சுற்றுகள் சுற்றிவிடும். கையுறை பாதுகாப்புத் தருவது போலத் தோன்றும். ஆனால் லேத்தில் அதுவே விரலைக் கொண்டுபோகும். ஆகவேதான் நம் கல்லூரிப் பட்டறைகளில் துப்பட்டா கூடாது, பின்னல் தொங்கக் கூடாது, முழுக்கைச் சட்டையை மடித்துவிட வேண்டும், வளையல், மோதிரம், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும், செருப்புக்குப் பதில் ஷூ அணிய வேண்டும் என்று சொல்கிறார்கள். சக் சாவியை மாட்டியபடியே சுவிட்சைப் போட்டால் அது கல்லெறிபோல் பறக்கும். சாவி ஒருபோதும் கையை விட்டு சக்கில் தங்கக் கூடாது என்பது உலகப் பொதுவிதி. அத்தனை விதிகளும் எங்கோ யாரோ கொடுத்த விலையால் எழுதப்பட்டவை.

யேல் நிகழ்வுக்குப்பின் பல பல்கலைக்கழகங்கள் விதிகளை இறுக்கின. பயிற்சிச் சான்று பெறாதவர் இயந்திரத்தைத் தொடக் கூடாது, தனியே வேலை செய்யக் கூடாது, மேற்பார்வையாளர் இல்லாத நேரத்தில் மின்னிணைப்பு இருக்கக் கூடாது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கதவை அடைத்துவிடுவது எளிது. யேல் அவ்வாறு செய்யவில்லை. நேரக் கட்டுப்பாடும் கண்காணிப்பும் வைத்ததோடு, 2012இல் மாணவர் பொருள் செய்து பழகப் புதிய வடிவமைப்பு மையம் ஒன்றையும் திறந்தது.

கணினி ஏறிய பட்டறை

இதற்கிடையில் இயந்திரங்களே மாறின. 1998இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்ட், ஏறக்குறைய எதை வேண்டுமானாலும் செய்வது எப்படி என்னும் பொருள்படும் பெயரில் ஒரு பாடத்தைத் தொடங்கினார். ஆராய்ச்சி மாணவர் சிலருக்காக எண்ணிய அப்பாடத்தில் சேர, கட்டடக்கலை, ஓவியம் படித்தோர் உட்பட எதிர்பாராத அளவில் பலர் வந்தனர். லேசர் வெட்டி, முப்பரிமாண அச்சுப்பொறி, கணினியால் இயங்கும் மில்லிங் ஆகியவற்றைச் சேர்த்து ஃபேப் லேப் என்னும் சிறு பட்டறைகள் தோன்றின. அவற்றுள் மிகத் தொடக்ககாலத்தது 2002இல் மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்திலுள்ள விஞ்ஞான் ஆசிரமத்தில் அமைந்தது.

புதிய இயந்திரங்கள் பழையவற்றின் இடத்தை முழுதாக எடுக்கவில்லை. அச்சில் வந்த பிளாஸ்டிக் பாகம் வடிவத்தைக் காட்டும். சுமை தாங்கும் தண்டு லேத்திலிருந்தே வர வேண்டும். கணினி மில்லிங் இயந்திரத்துக்குக் கட்டளை எழுதுபவருக்கு, வெட்டின் ஆழமும் ஊட்டு வேகமும் தவறினால் கருவி எழுப்பும் அலறல் காதுக்குப் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் கைச்சக்கரம் சுழற்றிய லேத்தில்தான் வரும்.

பட்டறையில் ஒரு திட்டம்

கிளாஸ்கோ முதல் கிண்டி வரை ஒரு மாணவரின் திட்டம் நடக்கும் ஒழுங்கு பெரிதும் மாறவில்லை. முதலில் அளவுகளோடு வரைபடம். அதை எடுத்துக்கொண்டு பட்டறைப் பயிற்றுநரிடம் போக வேண்டும். அவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். இதை எப்படிப் பிடிப்பாய்? எந்தப் பக்கத்தை முதலில் வெட்டுவாய்? இந்த அளவு இவ்வளவு துல்லியமாய் ஏன் வேண்டும்? மூன்றுக்கும் விடை சொல்லும்போதே வரைபடம் பாதி மாறிவிடும். பிறகு கடையில் கிடைக்கும் அளவுக் கம்பியா, தகடா என்று பொருள் தேர்வு. வெட்டுவதற்கு முன் இருமுறை அளப்பது. சிறிது கூடுதலாக விட்டு வெட்டிப் பின் அளவுக்குக் கொண்டுவருவது. எடுத்த இரும்பை ஒட்ட முடியாது என்பது பட்டறையின் முதல் பாடம்.

இந்த வரலாற்றில் பெயர் பதியாதவர் அந்தப் பயிற்றுநர்தான். பேராசிரியரின் பெயர் கட்டுரையில் வரும், மாணவரின் பெயர் பரிசுப் பட்டியலில் வரும். சக்கில் மாட்டிய துண்டு சற்றே ஆடுவதைத் தொலைவிலிருந்தே ஒலியால் அறிந்து ஓடிவந்து சுவிட்சை அணைத்தவரின் பெயர் எங்கும் வராது. பல கல்லூரிகளில் அவர் ஓய்வுபெற்றபின் அந்தப் பணியிடம் நிரப்பப்படுவதில்லை. இயந்திரம் வாங்க நிதி கிடைத்தும், கற்றுத்தர ஆளில்லாமல் உறைபோட்டு மூடிய லேத்துகள் நிற்கும் பட்டறைகள் உண்டு.

தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் வரலாறு ஒரே விடையைத் தரவில்லை. மாஸ்கோவின் பயிற்சித் துண்டும், வூஸ்டரின் விற்பனைப் பொருளும், கார்னெலின் டைனமோவும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு வகையில் பயன்பட்டன. ஆனால் பட்டறையை மூடிய காலங்கள் எல்லாம், அதைத் திரும்பத் திறக்க வேண்டிய தேவையில் முடிந்திருக்கின்றன. திறக்கும்போது கூடவே வேண்டியவை இரண்டு: மாணவர் தவறு செய்யப் போதுமான இரும்பும் நேரமும், அவர் அருகில் நின்று பார்க்க ஒரு தேர்ந்த கண்ணும். இந்த இரண்டும் இருந்த இடங்களில் பட்டறை ஒரு வகுப்பறையாக விளங்கியது. இல்லாத இடங்களில் அது பூட்டிய கூடமாகவோ, ஆபத்தான கூடமாகவோ ஆயிற்று.